மூன்று திரையில் மூன்று எடை

கோத்தகிரியில் நவம்பர் மாதம் காலை பத்து மணிவரை விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கத்துச் சரிவை நன்றாக நனைத்துவிட்டுத்தான் போகும். அப்படி ஒரு காலையில் தேயிலை பாக்டரியின் எடை மேடையிலிருந்து எனக்கு போன் வந்தது. எடை போடும் அண்ணன் மேட்டுப்பாளையத்துக்காரர்.

"அம்மணி, ஒரே லோடுங்க. என் ஸ்கிரீன்ல 440 கிலோ காட்டுது, ஆபீஸ்ல 418னு காட்டுது. ஏஜெண்ட் தம்பி அவரு ஸ்கிரீனத் திறந்தா 397ங்கிறாரு. நான் எதைங்க நம்பறது?"

அந்த மூன்று திரைகளையும் ஒன்றாக இணைத்தவள் நான். அதற்கு முந்தைய வாரம்தான் வேலையை முடித்துக் கொடுத்திருந்தேன்.

நீலகிரியில் பல்லாயிரம் சிறு விவசாயிகள் தங்கள் தோட்டத்துப் பசுந்தேயிலையைப் பறித்து, ஏஜெண்ட் வழியாகவோ நேரடியாகவோ பாக்டரிக்குக் கொடுக்கிறார்கள். மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும் என்பதால் எடையில் ஒரு சதவீதத்தைக் கழித்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஐந்து சதவீதம். 440 கிலோவில் 22 கிலோ போனால் 418. சரிதான். அப்படியானால் 397 எங்கிருந்து வந்தது? 418-லிருந்து மறுபடியும் ஐந்து சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், 397.1 வரும். ஒரே கழிவு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. கிலோவுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லோடில் நானூறு ரூபாய்க்கு மேல் காணாமல் போகிறது. அது யாரோ சிலர் மழையில் நின்று பறித்த இலைக்கான பணம். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று திரைகளுக்கும் மூன்று ஃபிரேம்வொர்க், அதாவது திரையை எழுத உதவும் மென்பொருள் அடித்தளம், எப்படி வந்தது என்பது எந்தப் பழைய மென்பொருளிலும் நடக்கிற கதைதான். எடை மேடைத் திரையை முதலில் எழுதிய குழு ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதியது. சில வருடம் கழித்து ஏஜெண்டுகளுக்கான திரை வியூவில் வந்தது, ஸ்டேட்டுக்கு, அதாவது திரை அந்த நேரத்தில் கையில் வைத்திருக்கும் தகவலுக்கு, பினியா. கடைசியாக அலுவலகத்தின் பணப் பட்டுவாடாத் திரை ரியாக்ட்டில், ரிடக்ஸோடு. அதுவரை மூன்றும் தனித்தனிப் பக்கங்களாக, சர்வர் வழியாக மட்டும் பேசிக்கொண்டிருந்தன. "ஒரே பக்கத்தில் மூன்றும் தெரிய வேண்டும், ஒன்றில் மாறியது மற்றதில் உடனே தெரிய வேண்டும்" என்று கேட்டார்கள். மூன்றையும் திரும்ப எழுத நேரமும் இல்லை, பணமும் இல்லை. கோவையில் இருக்கும் எங்கள் சின்ன நிறுவனத்தில் இந்தப் பாக்டரிக்குப் பக்கத்தில் வசிப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என்னிடம் வந்தது.

நான் முதலில் செய்தது, யாரும் இயல்பாகச் செய்யக்கூடியது. ஸ்டேட்டை வைத்திருக்கும் இடம்தான் ஸ்டோர். மூன்று ஸ்டோர்களுக்கும் நடுவே பாலம் போட்டேன். ரிடக்ஸில் மாறினால் பினியாவுக்கு அனுப்பு, பினியாவில் மாறினால் ரிடக்ஸுக்கு அனுப்பு, ஆங்குலர்ஜேஎஸ்ஸில் ஸ்டோர் வேலையைச் செய்யும் சர்வீஸுக்கும் அதே மாதிரி. மூன்று ஸ்டோர் என்றால் ஆறு வழி. நான்காவது ஒன்று சேர்ந்தால் பன்னிரண்டு ஆகும். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்த முதல் நாளே எடை இறங்க ஆரம்பித்தது. 440, 418, 397, 377 என்று கண் முன்னால் இறங்கிக்கொண்டே போனது. ஒரு ஸ்டோர் அனுப்பியதை இன்னொன்று புது மாற்றம் என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறது, அதை முதல் ஸ்டோர் மறுபடி புதிதாக எடுத்துக்கொள்கிறது. மலையில் கூப்பிட்டால் எதிரொலி வருமே, அந்த எதிரொலிக்கு நாம் பதில் சொல்வதைப் போல.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒரு கொடி, நிரலில் வைக்கும் ஆம்-இல்லை அடையாளம். வெளியிலிருந்து வந்த மதிப்பை எழுதும்போது கொடியை ஏற்றி, எழுதி முடித்ததும் இறக்கிவிடு, கொடி ஏறியிருக்கும்போது வாட்சர் (மாற்றத்தைக் கவனிக்கும் நிரல்) எதையும் திருப்பி அனுப்பக் கூடாது. நானும் போட்டேன். வேலை செய்யவில்லை. வியூவின் வாட்சர் மதிப்பு மாறிய அந்தக் கணத்திலேயே ஓடாது. மாற்றங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நடக்கிற வேலை முடிந்த பிறகுதான் ஓடும். வேகத்துக்காகத் தெரிந்தே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆக, நான் கொடியை ஏற்றி, எழுதி, இறக்கிய பிறகுதான் வாட்சர் கண் விழிக்கிறது. அப்போது கொடி இல்லை. எனவே அனுப்பிவிடுகிறது. வாட்சரை உடனே ஓடச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் ஒரே லோடின் பதிவில் பத்து வயல் (தகவல் கட்டம்) மாறும்போது பத்து தடவை ஓடுகிறது.

ஆங்குலர்ஜேஎஸ்ஸில் இதற்கு நேர் எதிர். அது தன் டைஜஸ்ட் சுற்று ஓடும்போதுதான் எது மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். வெளியிலிருந்து யாரோ மதிப்பை மாற்றினால் அதற்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் ஏதாவது பட்டனைத் தொட்டால்தான் சுற்று ஓடி எண் மாறும். எடை மேடையில் அந்த அண்ணன் கண்ட 440 அப்படி நின்றுபோன எண். அவர் வேறெதையாவது அழுத்தியிருந்தால் அதுவும் 418 ஆகியிருக்கும்.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தவறு. ஒரே லோடுக்கு அரை நொடிக்குள் இன்னொரு மாற்றம் வந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு ஒட்டுப் போட்டேன். சுழற்சி நின்றது. சோதனையில் எல்லாம் பச்சை. அந்த ஒட்டு இரண்டாவது சுற்றைத்தான் தடுத்தது, முதல் சுற்றை அல்ல. அலுவலகத் திரை கழிவு போக 418 என்று கணக்கிட்டு 'எடை' என்ற வயலில் எழுதியது. பாலம் அதை அப்படியே ஏஜெண்ட் திரைக்குக் கொண்டுபோனது. ஏஜெண்ட் திரையை எழுதியவர்களுக்கு 'எடை' என்றால் மொத்த எடை, அதனால் அங்கே இன்னொரு ஐந்து சதவீதம் கழிந்தது. இரண்டு பக்கமும் நிரல் தவறில்லை. 'எடை' என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது, நான் பொருளைக் கேட்காமல் சொல்லை மட்டும் கடத்தினேன்.

பாலத்தை அன்றே கழற்றினேன். மறுநாள் லேப்டாப்பைத் திறக்காமல் பாக்டரிக்குப் போய் எடை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே இன்னும் காகிதச் சீட்டு உண்டு. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வேண்டியது கிடைத்தது. சீட்டில் மொத்த எடையை அந்த அண்ணன் மட்டும்தான் எழுதுகிறார். வேறு யாரும் அதை அடிப்பதில்லை, திருத்துவதில்லை. கழிவுச் சதவீதம் அடுத்த கட்டத்தில், அதுவும் அவர் கையெழுத்தில். நிகர எடை என்று ஒரு கட்டம் சீட்டில் கிடையவே கிடையாது. அது தேவைப்படும்போது அலுவலகத்தில் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த மாதத்து விலையை எழுதுவது அலுவலகம் மட்டும். எந்த விவசாயியின் இலை எந்த லோடில் வந்தது என்பதை எழுதுவது ஏஜெண்ட் மட்டும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே ஒரு கை. மற்றவர்கள் பார்க்கலாம், எழுத முடியாது.

இதைத்தான் நான் மென்பொருளிலும் செய்திருக்க வேண்டும். ஸ்டோர்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பது வேலையே அல்ல. எந்தத் தகவலுக்கு யார் சொந்தக்காரர் என்று முடிவு செய்வதுதான் வேலை. அது முடிந்துவிட்டால் ஒத்துப்போக வைக்க எதுவும் மிச்சமில்லை. கணக்கிட்டு வரும் எண்ணை ஸ்டேட்டில் சேமிக்கவும் கூடாது, கடத்தவும் கூடாது. மொத்த எடையையும் சதவீதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, நிகர எடையை ஒரே ஒரு ஃபங்ஷனில் கணக்கிட்டு, அந்த ஃபங்ஷனையே மூன்று திரைகளும் கூப்பிட வேண்டும்.

பொது ஸ்டோருக்குப் புதிதாக எதையும் எழுதவில்லை. 2015-இல் வந்த ரிடக்ஸை ரியாக்ட்டின் ஒரு பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். அது ரியாக்ட்டை நம்பியிருக்கும் ஒன்றே அல்ல. இப்போதைய நிலையை, அதாவது ஸ்டேட்டைக் கொடு, மாறினால் சொல், இந்தச் செயலை எடுத்துக்கொள் என்ற மூன்று கதவுகள் உள்ள சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் பொருள். ஏற்கெனவே கையில் இருந்த, ரிடக்ஸின் கருவித் தொகுப்பான ரிடக்ஸ் டூல்கிட்டில் எழுதிய அந்த ஸ்டோரை ரியாக்ட் திரைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, மூன்றுக்கும் பொதுவாக வைத்தேன்.

ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கும் அந்த மூன்று கதவுகளோடு பேச ஒரு சின்ன ஒட்டி தேவை. மூன்றுமே இருபது முப்பது வரிகள்தான். ஆனால் மூன்றிலும் ஒவ்வொரு கண்ணி இருந்தது. அவற்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாட்கள் போயின.

ரியாக்ட்டில் 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து யூஸ்-சிங்க்-எக்ஸ்டர்னல்-ஸ்டோர் என்ற ஹூக் (திரை நிரலுக்குள் கூப்பிடும் தயார் ஃபங்ஷன்) இருக்கிறது. வெளியே இருக்கும் ஸ்டோரைக் கேட்பதற்கென்றே வந்தது. அதற்கு நிலையை எடுத்துக்கொடுக்கும் ஃபங்ஷனில் நான் 'இன்றைய லோடுகள் மட்டும்' என்று வடிகட்டி அனுப்பினேன். வடிகட்டினால் ஒவ்வொரு முறையும் புது அரே (பட்டியல்) பிறக்கிறது. உள்ளே இருப்பது அதேதான் என்றாலும் ரியாக்ட்டுக்கு அது புதியது. மாறிவிட்டது என்று மறுபடி வரைகிறது, மறுபடி கேட்கிறது, முடிவே இல்லை. எதுவும் மாறாதபோது அதே பொருளையே திருப்பிக் கொடுக்க வேண்டும். வடிகட்டலை, முன் கணக்கிட்ட முடிவை நினைவில் வைத்திருக்கும் செலக்டராக (நிலையிலிருந்து வேண்டியதை எடுத்துத் தரும் ஃபங்ஷன்) மாற்றியதும் சரியானது.

வியூவில் நிலையைச் சாதாரண ரெஃபில் (மாறினால் திரைக்குச் சொல்லும் பெட்டி) வைக்கக் கூடாது. ஆழமாகப் போய் ஒவ்வொரு பொருளையும் பிராக்ஸியால், அதாவது மாற்றத்தைக் கவனிக்கும் உறையால், சுற்றப் பார்க்கும், நமக்கு அது தேவையில்லை. மேல் மட்டத்தை மட்டும் கவனிக்கும் ஷாலோ-ரெஃப் போதும், ஸ்டோர் மாறும்போது முழு நிலையையும் புதிதாக வைத்துவிட்டால் வியூ பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, பழைய ஏஜெண்ட் திரையில் வி-மாடல் (படிவத்தில் அடிப்பதைத் தகவலில் எழுதிவிடும் வசதி) நேராக லோடின் வயலில் கட்டப்பட்டிருந்தது. ரிடக்ஸ் டூல்கிட் உள்ளே இருக்கும் இம்மர் என்ற நிரல் நூலகம், நிலையை உறையவைத்துத்தான் கொடுக்கும். எங்கள் ஊரில் ஜனவரி விடியலில் புல் உறைந்து நிற்குமே, அதுபோல யாரும் மாற்ற முடியாதபடி. அதில் வி-மாடல் எழுதப்போனதும் பிழை வெடித்தது. முதலில் எரிச்சல் வந்தது, பிறகு நன்றி தோன்றியது. சொந்தக்காரர் அல்லாத ஒரு கை எழுத முயல்கிறது என்று அது எனக்குக் காட்டிக்கொடுத்தது. படிவத்தில் தட்டச்சு செய்வதைத் திரையிலேயே ஒரு நகலில் வைத்துக்கொண்டு, சேமி என்றபோது மட்டும் ஸ்டோருக்குச் செயலாக அனுப்ப மாற்றினோம்.

ஆங்குலர்ஜேஎஸ்ஸில் அந்த உறைபனி வேறு இடத்தில் கடித்தது. பட்டியலைத் திரையில் வரையும் அதன் என்ஜி-ரிப்பீட், பட்டியலின் ஒவ்வொரு பொருளையும் அடையாளம் வைத்துக்கொள்ள அந்தப் பொருளுக்குள்ளேயே ஹேஷ்-கீ என்ற வயலைச் சத்தமில்லாமல் எழுதும். உறைந்த பொருளில் எழுத முடியாது என்பதால் பட்டியலே வரவில்லை. டிராக்-பை போட்டு லோடு எண்ணையே அடையாளமாகக் கொடுத்தால் அது எதையும் எழுதாது. டைஜஸ்ட் சுற்றை எழுப்புவதற்கு அப்ளை ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிடாதீர்கள். ஏற்கெனவே சுற்று ஓடிக்கொண்டிருந்தால் அது பிழை கொடுத்துவிடும். அதற்குப் பதில் எவால்-அசிங்க் பாதுகாப்பானது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று, திரை மூடும்போது கேட்பதை நிறுத்துவது. ஆங்குலர்ஜேஎஸ் பக்கத்தில் இதை விட்டுவிட்டேன். எடை மேடைக் கணினி 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய பெட்டி. காலையில் நன்றாக ஓடும், மூன்று மணிக்கு லாரிகள் வரிசையாக வரும் நேரத்தில் திணறும். மூடிய திரைகள் எல்லாம் பின்னால் உயிரோடு இருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் கேட்டுக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் ஒரு நாள் திரைகள் ஒன்றுக்கொன்று தெரியாதவை மாதிரி நடந்துகொண்டன. எடை மேடையில் பதிந்தது அலுவலகத்தில் வரவே இல்லை. பிழையும் இல்லை. இரண்டு நாள் தேடினேன். ஸ்டோரை ஒரு பொதுப் பேக்கேஜில் வைத்து மூன்று திரைகளும் அதை இறக்குமதி செய்துகொண்டன. ஆனால் மூன்றும் தனித்தனியாகப் பில்ட் ஆகின்றன, அதாவது ஓடும் வடிவில் மூட்டை கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பில்ட்டும் அந்தப் பேக்கேஜின் சொந்த நகலைத் தன் மூட்டைக்குள் கட்டிக்கொண்டது. ஒரே நிரல், ஆனால் ஓடும்போது மூன்று ஸ்டோர். இப்போது எந்தத் திரையும் ஸ்டோரை இறக்குமதி செய்வதில்லை. மூன்று திரைகளையும் தாங்கும் வெளிச் சட்டகம் ஒரே ஒரு ஸ்டோரை உருவாக்கி, திரையைத் தொடங்கும் ஃபங்ஷனுக்குக் கையில் கொடுக்கிறது. இந்த வேலையில் இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பொது ஸ்டோரில் எவ்வளவு வைப்பது என்பதில் எங்கள் குழுவில் வாக்குவாதம் நடந்தது. கோவையில் இருக்கும் நண்பர் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடலாம் என்றார். எனக்கு உடன்பாடில்லை. எந்தத் தாவல் திறந்திருக்கிறது, தேடல் பெட்டியில் பாதி அடித்த பெயர், விரிந்திருக்கும் பட்டியல், இவை அந்தந்தத் திரையின் சொந்த விஷயம். வியூவின் சொந்த விஷயத்துக்குப் பினியா அருமையானது, அதை ஏன் பிடுங்க வேண்டும்? கடைசியில் பொது ஸ்டோரில் நின்றவை நான்கு. லோடுகள், கழிவுச் சதவீதம், மாத விலை, விவசாயிப் பட்டியல். இரண்டு திரைகளுக்கு உண்மையிலேயே தேவைப்படாத எதுவும் அங்கே போகாது.

மழைக்காலத்தில் மின்சாரம் போகும், அதோடு நெட்டும் போகும். அதனால் ஸ்டோருக்கு வரும் ஒவ்வொரு எடைச் செயலையும் பிரவுசருக்குள் இருக்கும் தரவுச் சேமிப்பான இண்டெக்ஸ்டு-டிபியில் வரிசையாக வைத்து, நெட் வந்ததும் சர்வருக்கு அனுப்புகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் இருந்தால்தான் இரண்டு முறை போனாலும் சர்வர் ஒரு முறை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த அடையாளத்தை உருவாக்கப் பிரவுசரிலேயே இருக்கும் ரேண்டம்-யூயூஐடி ஃபங்ஷனை நம்பினேன். என் கணினியில் ஓடியது, பாக்டரியில் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்றது. அது எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான முகவரியிலும், சொந்தக் கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட்டிலும் மட்டும்தான் கிடைக்கும். பாக்டரிக்குள் வெறும் எச்டிடிபி முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது. சான்றிதழ் போட்டுச் சரிசெய்தோம்.

பிரவுசரில் உள்ள சின்னச் சேமிப்பிடமான லோக்கல்-ஸ்டோரேஜ் வழியாகத் திரைகளைப் பேசவைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் ஸ்டோரேஜ் நிகழ்வு, மாற்றம் செய்த அதே பக்கத்தில் எழாது, மற்றத் தாவல்களில்தான் எழும். எங்களுக்கு மூன்றும் ஒரே பக்கத்தில். எனவே ஒத்துவரவில்லை.

எல்லாம் ஒரே ஃபிரேம்வொர்க்கில் எழுத வாய்ப்பிருந்தால் அதையே செய்யுங்கள். மூன்றை இணைப்பது பெருமைப்படும் விஷயமல்ல, கைவசம் இருக்கும் பழையதை உடைக்காமல் நகர்த்தும் வழி. ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு அதிகாரபூர்வ ஆதரவு 2021 முடிவோடு நின்றுவிட்டது, எடை மேடைத் திரை என்றாவது போயே ஆக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் ரயிலுக்குக் குன்னூரில் நீராவி என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டுவார்கள். பெட்டியும் பயணிகளும் இருந்த இடத்தில் இருப்பார்கள். ஸ்டேட் வெளியே வந்த பிறகு எங்களுக்கும் அப்படித்தான் முடிந்தது. போன மார்ச்சில் எடை மேடைத் திரையை வியூவில் புதிதாக எழுதி மாட்டினோம். ஸ்டோரில் ஒரு வரி மாறவில்லை. ஆங்குலர்ஜேஎஸ் ஒட்டியை அழித்ததுதான் கூடுதல் வேலை.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே சிக்னல்ஸ், அதாவது மாறினால் தானே சொல்லும் மதிப்புகள், வர வேண்டும் என்று ஒரு முன்மொழிவு 2024 ஏப்ரலில் முதல் கட்டத்துக்குப் போனது. அது நிலைபெற்றால் இந்த ஒட்டிகளின் வேலை குறையும். ஆனால் யார் சொந்தக்காரர் என்ற கேள்விக்கு அது பதில் தராது, அதற்கு எடை மேடையில்தான் போய் உட்கார வேண்டும்.

அந்தத் தவறான கழிவு ஒன்பது நாள் ஓடியிருந்தது. சர்வரில் 397-தான் பதிவாகியிருந்தது, 440 எங்கும் இல்லை. காகிதச் சீட்டுகள் இருந்ததால் தப்பித்தோம். இரண்டு மாலை நேரம் எடை மேடையிலேயே உட்கார்ந்தோம். அண்ணன் கட்டுக்கட்டாகச் சீட்டைப் பிரித்து மொத்த எடையையும் சதவீதத்தையும் சத்தமாக வாசித்தார், நான் ஒவ்வொன்றாக அடித்தேன். வெளியே மேகம் இறங்கி லாரி விளக்கு மட்டும் தெரிந்தது. "அடுத்தது 312, நாலு பர்சண்ட்" என்றார். அடித்தேன். அந்த மாதப் பட்டுவாடாவில் விட்டுப்போன கிலோக்கள் எல்லோர் கணக்கிலும் தனி வரியாகச் சேர்ந்தன.